'கிஃப்ட்' என்றால் பரிசா, விஷமா? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜெர்மன் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. 'கிஃப்ட்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். ஆங்கிலத்தில் அது பரிசு, ஜெர்மனில் விஷம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: 'கொடு' என்ற வினை. கிரேக்கத்தில் 'கொடுப்பது' என்று பொருள்படும் 'டோசிஸ்' மருந்தின் அளவைக் குறிக்கப் போனது. அதைப் பார்த்து ஜெர்மனின் 'கிஃப்ட்'டும் மருந்துப் பக்கம் சாய்ந்து, கடைசியில் விஷமாகிவிட்டது. ஆனால் வரதட்சணைக்கு அங்கே இன்னும் 'மிட்கிஃப்ட்' என்றுதான் பெயர்!

ஸ்வீடிஷ் இன்னும் வேடிக்கை. அதில் 'விஷம்', 'திருமணமானவர்' இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். நாம் 'பெண் கொடுப்பது' என்கிறோமே, அதே கணக்கு. டச்சுக்காரர்கள்தான் உஷார்: பரிசுக்கு 'கிஃப்ட்', விஷத்துக்கு 'கிஃப்' என்று பிரித்துவிட்டார்கள்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். ஒரே வேரிலிருந்து வந்து இப்படி எதிரெதிர் திசையில் போன குட்டிச் சொற்கள் ஐரோப்பிய மொழிகளில் வேறு எவை? தற்செயலாக ஒலி ஒத்துப்போகிறவை வேண்டாம். அப்புறம், ஸ்வீடனில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்: இந்தச் சொல்லை வைத்து அங்கே கணவன் மனைவி ஜோக் அடிப்பது உண்டா?