நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும் 1978 அம்பாசடர்

கேள்வி:
எங்கள் வீட்டில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட மார்க் 3 அம்பாசடர். நகருக்குள் நெரிசலில் நின்று நின்று போகும்போதுகூட வெப்பநிலை மீட்டரின் முள் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் 80 கிமீ வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் முள் சிவப்பை நெருங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் மெல்ல இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் மூடியும் ஃபேன் பெல்ட்டும் புதியவை. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வை) முன்பே கழற்றிவிட்ட மெக்கானிக், இப்போது கூடுதலாக ஒரு மின்விசிறி பொருத்தச் சொல்கிறார். பொருத்தலாமா?

மறுமொழி 1:
மின்விசிறிக்குச் செலவழிக்க வேண்டாம். வண்டி நிற்கும்போது சூடானால்தான் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். 80 கிமீ வேகத்தில் எதிர்காற்றே போதும். ஓடும்போது மட்டும் சூடாகிறதென்றால், எஞ்சினின் வெப்பத்தை வெளியேற்றும் அளவுக்கு ரேடியேட்டர் வழியே தண்ணீர் பாயவில்லை என்றே நினைக்கிறேன். நன்றாகச் சூடேறியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல், ரேடியேட்டரின் முகப்பைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறையாமல், இடையில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன.

மறுமொழி 2:
கீழ் ஹோஸையும் கவனியுங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சுவது அதன் வழியாகத்தான். ரப்பர் தளர்ந்திருந்தால், எஞ்சின் வேகமெடுக்கும்போது அது சப்பையாகித் தண்ணீரைத் தடுத்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னால் கண்ணுக்கே தெரியும். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இதே போல் சூடாகும்.

கேள்வி கேட்டவர்:
ஹோஸ் சப்பையாகவில்லை; டைமிங்கும் சரியாக இருக்கிறது. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில், ஓட்டுநர் பக்கமாக, இரண்டு கையகலத்துக்கு வெதுவெதுப்புகூட இல்லை. பட்டறையில் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள்.

மறுமொழி 3:
ஆசிட் வேண்டவே வேண்டாம். பழைய பித்தளைக் குழாய்கள் ஏற்கெனவே மெலிந்திருக்கும், அடைப்பு போவதற்குள் ஓட்டை விழுந்துவிடும். ரேடியேட்டரின் மேல் தொட்டியின் பற்றவைப்பைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோங்கள். ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே எஞ்சின் பிளாக்கின் வடிகால் குழாயையும் திறந்துவிடுங்கள். திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் கம்பியால் குத்துங்கள், செங்கல் நிறத்தில் துருச் சேறு வரும். அதை அப்படியே விட்டால் சுத்தம் செய்த ரேடியேட்டரை மீண்டும் அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளின் பழக்கம். அதனால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகி, தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடுகின்றனவே தவிர, அடைப்பு தீர்வதில்லை. 82 டிகிரியில் திறக்கும் ஒன்றை வாங்கி, வெந்நீரில் போட்டு அது திறப்பதைப் பார்த்த பிறகு பொருத்துங்கள். போர் தண்ணீரின் உப்புதான் குழாய்களில் படிகிறது. ஆகவே கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். மூடியைப் போடாமல் ஐடிலில் ஓடவிட்டால், உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறி மட்டம் இறங்கும், அதை நிரப்பிய பிறகு மூடுங்கள்.