புதுப்பிப்பு: தொப்பூர் இறக்கமும் புத்தாண்டு உறுதியும்

போன பதிவில் சொன்னது: தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் காரின் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. ‘புத்தாண்டிலிருந்து கவனமா ஓட்டணும்’ என்று முடித்திருந்தேன். அது போதாது. உறுதி என்பது தேதி போட்ட வேலையாக இருந்தால்தான் நிற்கும்.

காரணம் பழைய பிரேக் ஆயில். புதியது இளமஞ்சள், வடித்து எடுத்தது கடுங்காப்பி நிறம். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். இறக்கம் முழுக்க மிதித்தபடியே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். மிதித்தால் குமிழிதான் அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

ஆகவே ஜனவரி முதல் வாரமே ஆயில் மாற்றம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆயிலை வடிக்கும் டியூபில் குமிழி வருவது நிற்கும்வரை பிரேக் லைனிலிருந்து காற்றெடுக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு கலக்கவே கூடாது.

இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள்; இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களைப் பார்த்தாலே பதறுகிறது. பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிடணும். கருகல் வாசனை வந்தால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப்போகும்.