பகல்நேர மையத்திலிருந்து திரும்பியதும் மாமியார் ஆத்திரப்படுகிறார்: அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

கேள்வி:
மறதிநோய் உள்ள என் மாமியார் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குச் சென்று வருகிறார். அங்கே அமைதியாகவே இருப்பதாகப் பணியாளர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, பணத்தை நான் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். உடை மாற்றப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறார். எனக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் என்றுதான் சேர்த்தோம். இப்போதோ மாலை நேரம் நெருங்கினாலே எனக்குப் படபடப்பாக இருக்கிறது. அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

பதில் 1:
அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், அம்மா. நான் இத்தகைய மையம் ஒன்றில் பணிபுரிகிறேன். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு மாலையில் குழப்பமும் பதற்றமும் கூடும்; அதனுடன் பகல் முழுதும் பலர் நடுவே இருந்த களைப்பு, தாகம், அடக்கி வைத்த சிறுநீர் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்போது, முதலில் எதிர்ப்படுபவர் மீதே கோபம் பாய்கிறது. வந்தவுடன் உடை மாற்றாதீர்கள். தண்ணீர் கொடுத்து, கழிவறைக்கு அழைத்துச் சென்று, சிறிது நேரம் சும்மா உட்கார விடுங்கள். பணத்தை எடுக்கவில்லை என்று வாதாடுவதைவிட, "வாங்க, சேர்ந்தே தேடுவோம்" என்பது பெரும்பாலும் பலன் தரும். மதியம் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பதை ஒரு நோட்டில் எழுதி அனுப்பும்படி மையத்தினரிடம் கேளுங்கள்.

பதில் 2:
முந்தைய பதிலில் உங்களைப் பற்றிய பேச்சே இல்லை. மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிப்போருக்காக லிண்டா டெரி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட, 24 நடத்தைகளைக் கொண்ட கேள்வித்தாள் ஒவ்வொரு நடத்தையையும் இரண்டு விதமாகக் கேட்கிறது: அது எத்தனை முறை நிகழ்ந்தது, அது உங்களை எவ்வளவு பாதித்தது. ஒரே கேள்வியை ஓயாமல் கேட்பதைப் பொறுத்துக்கொள்பவர்கூட, திருட்டுப் பழி ஒருமுறை விழுந்தால் உடைந்துபோகலாம். ஆகவே மையத்தினரிடம் அவருடைய நடத்தையை மட்டுமல்லாமல், உங்கள் படபடப்பையும் சொல்லுங்கள். மாலையில் அவரை வரவேற்கும் பொறுப்பைக் கணவரோ வேறொருவரோ சில நாட்களேனும் ஏற்கட்டும்.

பதில் 3:
இந்த மாற்றம் திடீரென வந்ததா? அப்படியானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து ஆகியவற்றில் ஏதேனும் காரணமா என்று மருத்துவரிடம் முதலில் பாருங்கள். அமைதிப்படுத்தும் மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு, இப்படி அமைதிப்படுத்தத் தரப்படும் மனநோய் எதிர்ப்பு மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துள்ளது.

கேட்டவர்:
கையைத் தட்டிவிடுவது அண்மையில்தான் தொடங்கியது; சிறுநீர் கழிக்கும்போது முகம் சுளிப்பதையும் கவனித்திருக்கிறேன். நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். அதுவரை மாலையில் என் கணவர் அவரைப் பார்த்துக்கொள்வார்.