சதுரத்தைச் சாய்த்தால் சதுரம் இல்லையாம்! வடிவியலுக்குச் செய்முறை யோசனை வேண்டும்

ரங்கூன்_ஞாயிறு_வகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரங்கூனில் ஒரு கோயில் கூடத்தில் ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். தமிழ் முடிந்ததும் கொஞ்ச நேரம் கணக்கும் பார்த்துவிடுங்கள் என்று பெற்றோர் கேட்டதால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது வடிவியல் எடுக்கிறேன். பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், வரையறை கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அட்டையில் வெட்டிய சதுரத்தை அவர்கள் கண் முன்னாலேயே முனை கீழே வருகிற மாதிரி திருப்பிக் காட்டினால் "சயாமா (பர்மிய மொழியில் டீச்சர்), இப்போ இது சதுரம் இல்லை, டைமண்ட்" என்கிறார்கள்!

கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது கொடுக்கலாம் என்று தேடினால் கலர் பேப்பரில் வீடு ஒட்டுவது, ரோபோ ஒட்டுவது என்றுதான் வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, சரி, அதில் வடிவியல் எங்கே? செலவு குறைவாக இருக்க வேண்டும், கரண்டை நம்ப முடியாது என்பதால் வீடியோ, ப்ரொஜெக்டர் எதுவும் வேண்டாம். யாராவது வகுப்பில் செய்து பார்த்தது இருந்தால் சொல்லுங்கள்.

மோல்மீன்_பெரியவர்:

அம்மா, மூங்கில் குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். எல்லாக் குச்சியும் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். மூன்று குச்சியை முனையோடு முனை கட்டச் சொல்லுங்கள், நான்கை இன்னொன்றாகக் கட்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பிடித்து அமுக்கிப் பார்க்கட்டும். முக்கோணம் அசையாது. நான்கு குச்சி சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். குச்சியின் நீளம் மாறவில்லையே, அப்புறம் எது மாறியது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பதில் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை மூலையைத் தொட்டுக் காட்டும்.

அடுத்தது, அது சாயாமல் நிற்கக் குறுக்கே ஒரு குச்சி கட்டச் சொல்லுங்கள். 10 செ.மீ. குச்சியை வைத்தால் எட்டாது, அதாவது மூலை செங்கோணமாக இருக்கும்போது எட்டாது. அமுக்கினால் எட்டும், ஆனால் சதுரம் போய்விடும். 14 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட வேண்டும் என்று அவர்களே அளந்து கண்டுபிடிப்பார்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்கிற வரைக்கும் அது சதுரம், எப்படித் திருப்பிப் பிடித்தாலும் சரி. உங்கள் டைமண்ட் பிரச்சினைக்கு இதுதான் மருந்து என்பேன். திருப்புவது வேறு, அமுக்குவது வேறு என்பது கைக்குத்தான் முதலில் தெரியும்.

கோலக்காரி:

பெரியவர் சொன்னது சரிதான், ஆனால் கோயில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கோலத்தை விட்டுவிட்டால் எப்படி? ஏழு புள்ளி நேர்ப்புள்ளி, ஒன்றில் முடிகிற கோலம் எல்லோர் வீட்டிலும் தெரியும்: 1, 3, 5, 7, 5, 3, 1. ஓரப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள், பிள்ளைகள் டைமண்ட் என்று கத்துவார்கள். உடனே நோட்டுப் புத்தக மூலையை அந்த முனையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியே பொருந்தும். நான்கு பக்கமும் அளந்தால் சமம். பிறகு தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சதுரம்தான் என்று ஒத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை. மொத்தப் புள்ளி 25. ஓர முனையிலிருந்து சாய்வாக வரிசை பிடித்து ஒன்று விட்டு ஒரு வரிசைக்குச் சிவப்பு அடித்தால் 16 சிவப்பு, 9 வெள்ளை, அதாவது ஒரு நாலுக்கு நாலு, அதற்குள்ளே ஒரு மூன்றுக்கு மூன்று. புள்ளி வைக்கிற நம் பாட்டிமார் யாரும் இதை எண்ணிக்கொண்டு இருந்ததில்லை, ஆனால் கை தப்பாது.

ஊடுபுள்ளி, அதாவது மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி, என்றால் கதையே மாறும். 4, 5, 6, 7, 6, 5, 4 வைத்தால் ஓரம் அறுகோணம், பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளியைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம். கோலத்தில் கண்ணளவுதான், வகுப்பில் புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 1.7 வையுங்கள், இல்லையென்றால் அறுகோணம் சப்பையாகிவிடும்.

சாக்பீஸ்:

கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு எதிர்ப்பேச்சு. குச்சி, கோலம் எல்லாம் நல்லதுதான், ஆனால் பிள்ளை கையால் செய்துவிட்டது என்பதாலேயே புரிந்துவிடாது. ஹாலந்தில் பியர் வான் ஹீலே, தினா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957-இல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளை முதலில் உருவத்தை மொத்தமாகத்தான் பார்க்கும், கதவு மாதிரி இருந்தால் செவ்வகம் என்று சொல்லும். பக்கம், கோணம் என்று குணத்தைப் பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்பது அதற்கும் அடுத்தது. வயதானால் தானாக ஏறிவிடாது, பாடம்தான் ஏற்றிவிட வேண்டும். அதனால் செய்வதற்கு முன்னால் என்ன ஆகும் என்று ஊகித்து எழுத வையுங்கள், செய்த பிறகு ஏன் என்று பேச வையுங்கள். இது இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன பேப்பர் வீடும் பெரியவரின் குச்சியும் ஒன்றுதான்.

பிரம்புப்பந்து:

சாக்பீஸ் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கே தோதான ஒன்று சொல்கிறேன், பர்மாவில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடக் கூடாது. தெருவில் உதைக்கிற சின்லோன் பந்து, அதாவது பிரம்பில் பின்னிய பந்து, ஒன்றைக் கொண்டுபோய் நடுவில் வையுங்கள். ஓட்டை எத்தனை பக்கம், மொத்தம் எத்தனை ஓட்டை என்று முதலில் ஊகிக்கட்டும். ஐங்கோண ஓட்டை 12, மூன்று பட்டை சேர்கிற இடம் 20. கால்பந்திலும் 12 ஐங்கோணம், 20 அறுகோணம் என்று ஒரு பையன் சொல்லாமல் இருக்க மாட்டான்.

பிறகு அதையே காலண்டர் அட்டையில் பின்ன வேண்டும். 2 செ.மீ. அகலம், 44 செ.மீ. நீளத்தில் ஆறு பட்டை, ஆறும் வேறு வேறு நிறமாக இருந்தால் நல்லது. 4 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். கடைசி 4 செ.மீ. ஒட்டுவதற்கு. ஐந்து பட்டையை ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோர்த்து நடுவில் ஐங்கோணம், சுற்றி நட்சத்திரம் வருகிற மாதிரி வையுங்கள், ஒவ்வொரு பட்டையிலும் நடு நான்கு கோடுதான் இந்தச் சந்திப்புக்கு. கோடும் கோடும் சேர்கிற மாதிரி கிளிப் போட்டு இழுத்ததும் அது மேசையில் தட்டையாகக் கிடக்காது, கிண்ணம் போல மேலே எழும்பும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஏன் எழும்புகிறது என்று பேசட்டும். தட்டையான நட்சத்திரத்தில் முனை முக்கோணம் ஒல்லியானது, உச்சியில் 36 பாகை. நாம் கோட்டைச் சமமாகப் போட்டதால் மூன்று பக்கமும் சமமாக வரப் பார்க்கிறது, தாளில் அதற்கு இடமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு 36 வேண்டாம், "முக்கோணம் குண்டாக வரப் பார்க்கிறது, இடம் போதவில்லை" என்று சொன்னாலே பெரிய விஷயம்.

அப்புறம் ஆறாவது பட்டையை வளையமாக ஒட்டி இடுப்பைச் சுற்றிக் கோர்த்து, மறுபக்கம் இதே நட்சத்திரத்தை முடிக்க வேண்டும். ஒரு பட்டையில் பத்து சந்திப்பு, ஆறு பட்டைக்கு அறுபது, ஆனால் பந்தில் எண்ணினால் முப்பதுதான் வரும். மீதி முப்பது எங்கே போனது என்று கேளுங்கள், நல்ல சண்டை நடக்கும். பிரம்பில் ஒவ்வொரு பட்டையும் பல இழை, நமக்கு ஒன்று போதும்.

ரங்கூன்_ஞாயிறு_வகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. கோலம் இந்த வாரமே செய்துவிடலாம், கூடத்துத் தரையே இருக்கிறது. ஐயா சொன்ன குச்சி அதற்கு அடுத்து. பந்து எனக்கே ஆசையாக இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒன்று என்றால் தாங்காது. குழுவாகச் செய்யலாமா? சின்னக் கையால் கடைசி முனையைக் கோர்க்க முடியுமா?

பிரம்புப்பந்து:

மூன்று பேருக்கு ஒரு பந்து வையுங்கள் டீச்சர், ஒருவர் பிடிக்க, ஒருவர் கோர்க்க, ஒருவர் மேலே கீழே சரிபார்க்க. கடைசி முனைதான் கொஞ்சம் தொல்லை, எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுக் கடைசியைத் தேடாமல், ஐந்து பட்டையின் முனைகளையும் துணி கிளிப்பில் பிடித்து வைத்து, பின்னல் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு ஒரே தடவையில் ஒட்டுங்கள். பசை வேண்டாம், காயும் வரை பிடிக்க ஆள் கிடைக்காது. ஸ்டேப்ளர் போதும்.