சிங்க் பிரிக்கும் இன்புட்: எல்எம்1881 போர்டுகளில் பார்த்தது

கொழிஞ்சாம்பாறை:
எடைமேடைகளில் லாரிப் படத்தின் மேல் எடையை எழுதிக் காட்டும் போர்டுகளுக்கு எப்பவும் ஒரே புகார்தான்: எழுத்து ஆடுது, சில நேரம் மறைஞ்சே போகுது. வீடியோவிலிருந்து சிங்க்கை (ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் காட்டும் துடிப்பு) பிரிக்கும் எல்எம்1881 ஐசியை உடனே மாத்தாதீங்க. கோளாறு பெரும்பாலும் வீடியோ நுழையும் அதன் 2-ஆம் பின்னுக்கு முன்னாலயே இருக்கும்.

முதல்ல 75 ஓம் டெர்மினேஷனைப் (கேபிள் முடிவில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போடும் ரெசிஸ்டர்) பாருங்க. கேமரா தருவது 1 வோல்ட், அதில் சிங்க் 0.3 வோல்ட். கேபிளில் இணையாத் தட்டி எடுக்கும் போர்டில் ஒரு 75 ஓம், டிவிஆர் (படத்தைப் பதியும் பெட்டி) உள்ளே இன்னொன்று என்றால் வீடியோ 0.67 வோல்ட்டுக்கும் சிங்க் 0.2 வோல்ட்டுக்கும் இறங்கிடும். கேபிளின் கடைசி முனையில் ஒன்று மட்டும் போதும்.

கோவிந்தாபுரம்:
அண்ணா, ஐசி சிங்க்கை அடையாளம் காண வெட்டுற மட்டம் சிங்க் அடியிலிருந்து 70 மில்லிவோல்ட் மேலதானே? 0.2 வோல்ட்டே தாராளமாச்சே?

கொழிஞ்சாம்பாறை:
ஃபில்டர் இல்லைன்னா தாராளம்தான் தம்பி. நிறக் கேரியரை (நிறத்தைச் சுமக்கும் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை) அடக்க 620 ஓமும் 510 பிகோ ஃபாரடும் போடுறோம். ஃபில்டரின் வெட்டு அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸ், 4.43 மெகாஹெர்ட்ஸ் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே போயிடும். ஆனா அந்த 620 ஓம் சும்மா இருக்காது. 2-ஆம் பின் ஒவ்வொரு வரியிலும் சுமார் 11 மைக்ரோ ஆம்பியர் உறிஞ்சுது. ஒரு வரியின் 64 மைக்ரோ விநாடியில் போன அந்த சார்ஜை, 4.7 மைக்ரோ விநாடி சிங்க் நேரத்துக்குள் கிளாம்ப் (சிங்க் அடியை ஒரே மட்டத்தில் பிடிக்கும் ஐசியின் உள்பகுதி) திருப்பிக் கொடுத்தாகணும். அப்போ ஓடுறது 150 மைக்ரோ ஆம்பியர். அது 620 ஓம் வழியாப் போகும்போது சிங்கின் அடி 0.1 வோல்ட் கிட்ட மேலே ஏறிடும்.

இப்ப கூட்டிப் பாருங்க. இரட்டை டெர்மினேஷனில் மிஞ்சின 0.2-இல் இன்னொரு 0.1 போச்சு. மீதி 0.1 வோல்ட்டில் 70 மில்லிவோல்ட்டில் வெட்டினா, கொஞ்சம் இரைச்சல் வந்தாலே வரி தவறும். ஃபில்டர் இன்னும் பலமா வேணும்னு 620-ஐ 2.2 கிலோ ஓமாக்கவே கூடாது, சிங்க் முழுசாவே நசுங்கிடும்.

நல்ல வழி, ஃபில்டருக்குப் பின்னால ஒரு எமிட்டர் ஃபாலோயர் (டிரான்சிஸ்டர் பஃபர்). அது பிசி557 மாதிரி பிஎன்பியா இருக்கட்டும்: பேஸ் ஃபில்டரில், கலெக்டர் கிரவுண்டில், எமிட்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம். கிளாம்ப் கரண்ட் 2-ஆம் பின்னின் கப்ளிங் கெப்பாசிட்டர் வழியா வெளியே தள்ளப்படுது. அதை பிஎன்பி தானே இழுத்துக்கும். என்பிஎன் போட்டா எமிட்டர் ரெசிஸ்டர்தான் இழுக்கணும். அதன் மதிப்பு பெருசா இருந்தா பழைய கதைதான்.

வாளையார்:
கப்ளிங் கெப்பாசிட்டரைப் பத்தியும் சொல்லணும். 0.1 மைக்ரோ ஃபாரட் போட்ட இடத்தில் "பெருசா இருந்தா நல்லது"ன்னு 1 மைக்ரோ வைச்ச போர்டுகள் வருது. தூரத்துக் கம்பத்துக் கேமராவுக்குத் தனி அடாப்டர், தனி எர்த். ஆபீஸ் டிவிஆருக்கு வேறே எர்த். கேபிள் ஷீல்டு வழியா 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்ட் லைனின் இரைச்சல்) நுழையும். ஹம் இறங்கும்போது கிளாம்ப் உடனே பிடிச்சுக்கும், ஏறும்போது அந்த 11 மைக்ரோ ஆம்பியர்தான் கெப்பாசிட்டரை நகர்த்தணும். 0.1 மைக்ரோவில் நொடிக்கு 110 வோல்ட் வேகம் கிடைக்கும், 1 மைக்ரோவில் 11 வோல்ட்தான். 0.1 வோல்ட் உச்சமுள்ள ஹம்மோ நொடிக்கு 31 வோல்ட் வரை ஏறும். அதைத் துரத்த முடியாம சிங்க் அடி வெட்டு மட்டத்துக்கு மேலேயே மிதக்கும், ஐசி அதைப் பார்க்காது.

அடையாளம் சுலபம். நம்ம படமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எழுத்து உடையும் பட்டை ஏறக்குறைய நின்ன இடத்திலேயே இருக்கும், மெதுவா ஊரும்.

கோவிந்தாபுரம்:
அப்போ 0.01 போட்டா ஹம் இன்னும் சுலபமாப் போயிடுமே?

வாளையார்:
ஹம் போகும், சிங்க் கெடும். ஒரு வரிக்குள்ளேயே 70 மில்லிவோல்ட் சரிவு வரும், அது வெட்டு மட்டத்துக்கே சமம். 0.1-இல் சரிவு 7 மில்லிவோல்ட்தான். அதனால 0.1-ஐ அப்படியே விட்டுட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க.

சோதிக்க, ஆசிலோஸ்கோப் ப்ரோபை 10-க்கு 1-இல் வைச்சு 2-ஆம் பின்னிலேயே தொட்டுப் பாருங்க. சிங்க் அடி 1.5 வோல்ட் பக்கத்தில் தட்டையா உட்காரணும். இன்புட் பிஎன்சியில் படம் அழகாத் தெரிஞ்சா மட்டும் போதாது. 6-ஆம் பின்னின் 680 கிலோ ஓம், அதோட இணையா 0.1 மைக்ரோ ரெண்டும் ஐசியை ஒட்டி இருக்கணும். நம்ம பால் (PAL) வீடியோ முறையின் வரிக்கு இதே மதிப்பு சரி.

கொழிஞ்சாம்பாறை:
இன்னொண்ணு: புதுசா மாத்தின கேமரா ஏஎச்டியில் (உயர் தெளிவு அனலாக் வீடியோ) ஓடுதான்னும் பாருங்க. சிங்க் அகலமும் வரி நேரமும் வேறே. கேமராவை சிவிபிஎஸ்ஸுக்கு (பழைய சாதாரண அனலாக் வீடியோ) மாத்தின பிறகுதான் போர்டைத் திறக்கணும்.