சிறிய விமான நிலையம் பெரிதானபோது: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தரைப்பணியில் இருந்தவர்

செக்-இன் கவுண்டரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு ஏடிஆர் விமானங்கள், ஒவ்வொன்றிலும் எழுபது பேர் வரை. அடிக்கடி வருகிறவர்களை முகம் பார்த்தே தெரியும். அப்புறம் 180 பேர் வரை ஏறும் ஏ320 வந்தது. அடுத்த வருடம் இன்னும் இரண்டு.

ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர், கட்டடம் தாங்கும் என்று கணக்குக் காட்டினார்கள். ஆண்டுக் கணக்கு சரிதான். ஆனால் பயணிகள் வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை. மதியம் வெறிச்சோடிக் கிடக்கும் அதே கூடத்தில், காலை ஆறிலிருந்து எட்டு வரை நிற்க இடம் இருக்காது. ஒரு நாள் மூடுபனியால் மூன்று விமானங்கள் தாமதமாகி, எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரைத் திருப்பக்கூட வழியில்லை. எங்கள் அலுவலக அறையைத் திறந்து உட்கார வைத்தோம். அவர் என் கையைப் பிடித்து, "நான் ஏறிவிடுவேன்தானே?" என்று மூன்று தடவை கேட்டார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு கவுண்டர்கள் எட்டாயின. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே வாரத்தில் வரிசை எங்களை விட்டுப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் போய் நின்றது. அங்கே எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றுதான். இரண்டாவது வந்ததும் கூட்டம் போர்டிங் கேட்டுக்கு நகர்ந்தது. அங்கே இடம் பண்ணியதும், இறங்கி வருகிறவர்கள் லக்கேஜ் பெல்ட்டில் முட்டிக்கொண்டார்கள். நெரிசல் இடம் மாறியதே தவிர, குறையவில்லை. வாசலில் கார் நிற்கும் இடத்திலிருந்து விமானத்தின் கதவு வரை, மிக நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்க முடியும் என்று ஒவ்வொரு கட்டமாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எங்களிடம் ஒருவராவது முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

தீயணைப்புப் பிரிவில் இருந்தவர்

நான் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவன். விமானம் பெரிதானால் எங்கள் பிரிவும் பெரிதாக வேண்டும். விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்துத்தான் தீயணைப்புத் தரவகை, அதாவது எங்கள் பிரிவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண், முடிவாகும்: ஏடிஆர் 72-க்கு 5, ஏ320-க்கு 6, அதைவிட நீளமான ஏ321-க்கு 7. வகை ஏறினால் தண்ணீர், நுரைக் கலவை, வண்டி, ஆள் எல்லாமே கூட வேண்டும். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஓடுபாதையை நீட்டினால் அந்த மூலை இன்னும் தள்ளிப் போகிறது இல்லையா? நாங்கள் புது முனை வரை திரும்பத் திரும்ப வண்டி ஓட்டி நேரம் பார்த்தோம்.

விரிவாக்க வேலை முழுக்க ராத்திரியில்தான் நடந்தது. கடைசி விமானம் போனதும் ஓடுபாதையை மூடி வேலை தொடங்கும். விடியுமுன் முடித்துத் தர வேண்டும். திறப்பதற்கு முன் கையில் விளக்கோடு வரிசையாக நடந்து, கல், ஆணி, கம்பித் துண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவோம். ஏ320-இன் என்ஜின் தரைக்கு நெருக்கமாகத் தொங்குவது. ஒரு சின்னக் கல்லை இழுத்தாலும் உள்ளே இருக்கும் தகடுகள் சேதமாகும். ஒரு விடியற்காலை, முதல் விமானத்துக்கு அரை மணி இருக்கும்போது, விரல் நீள போல்ட் ஒன்று கிடைத்தது. அதை எடுத்த பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனைப் பாராட்டி எங்கும் ஒரு வரி எழுதப்படவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலம் கொடுத்தவர்

மேலே ஓடுபாதையின் முனை பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. விமானம் ஓடுபாதையில் நிற்காமல் தாண்டிப் போய்விட்டால் சேதம் குறைய, முனைக்கு அப்பால் சமமான வெற்றிடம் விட வேண்டும். முதலில் 60 மீட்டர் பட்டை. அதற்குப் பிறகு பாதுகாப்புப் பகுதியாகக் குறைந்தது 90 மீட்டர். பெரிய ஓடுபாதைகளுக்கு 240 மீட்டர் விடச் சொல்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. இதெல்லாம் நிலம் அளக்க வந்தவர்கள் காகிதத்தில் வரைந்து காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வயல் அந்த 240 மீட்டருக்குள் வந்தது.

எதுவும் கட்டப்போவதில்லை, காலியாகத்தானே இருக்கப்போகிறது, பிறகு எதற்கு எங்கள் நிலம் என்று அப்பா கேட்டார். காலியாக இருப்பதற்குத்தான் வேண்டும் என்று அந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். இழப்பீடு வந்தது, ஆனால் தாமதமாக. அதற்குள் பக்கத்து ஊர்களில் நிலத்தின் விலை ஏறிவிட்டது. அதே அளவு நிலம் எங்களால் வாங்க முடியவில்லை.

விரிவாக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகள் வேலைக்குப் போனது இங்கிருந்து கிளம்பிய விமானத்தில்தான். அவளை வழியனுப்பிவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். விமானம் எழும்பி எங்கள் வயலுக்கு மேலாகத்தான் போனது. அங்கே இப்போது புல்லைக் கட்டையாக வெட்டி, சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.