புதுப்பிப்பு: அணையாமல் தொங்கிய விஎம்கள், காரணம் பிடிபட்டது

பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சர்வரை ரீபூட் செய்தால் உள்ளே ஓடும் வெப் விஎம்கள் (வலைத்தளங்களுக்கான மெய்நிகர் கணினிகள்) அணையாமல் தொங்குகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். விஎம்முக்குள் இருந்தபடி சர்வரின் கட்டளைகளை ஏற்கும் கெஸ்ட் ஏஜென்ட் நிரலைப் பார்க்கச் சொன்னீர்கள் பலரும், நன்றி. அதில் கோளாறு இல்லை. ஒவ்வொன்றாக அணைத்தால் சட்டென்று அணைந்தன, அதுதான் துப்பு.

இந்த வெப் விஎம்கள் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியே மவுன்ட் செய்யும், அதாவது இணைத்துக்கொள்ளும், கோப்புகள் அதே சர்வரின் ஸ்டோரேஜ் விஎம்மில் இருக்கின்றன. மொத்தமாக அணைக்கும்போது அந்த ஸ்டோரேஜ் விஎம் முந்திக்கொண்டு அணைந்துவிடுகிறது. ஹார்ட் மவுன்ட் (பதில் வரும்வரை விடாமல் முயலும் இணைப்பு) ஆயிற்றே, மற்றவை அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு விஎம் அணைய பிராக்ஸ்மாக்ஸ் தரும் இயல்பான 180 விநாடிக் கெடு எப்படிப் போதும்?

சரி, தீர்வு: விஎம் ஆப்ஷன்ஸில் ஸ்டோரேஜுக்கு வரிசை எண் 1, மற்றவற்றுக்கு 2 கொடுத்தேன். அணைக்கும்போது வரிசை தலைகீழாகும் என்பதால் 1 கடைசியில்தான் அணையும். இப்போது ரீபூட் சிக்கலில்லாமல் முடிகிறது.